நான் நறுக்கிய நான்கு விநாடி

2025 மார்ச்சில் நடந்த நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் 12 நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று இடம்பெற்றது. விளக்குகளை அணைத்துவிட்டு, தில்லியில் வாழும் தமிழர் ஐவரின் குரல்களை இருட்டில் இருந்து கேட்டோம். முடிந்ததும் எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைத் தொகுத்தவன் நான். அந்தக் கைதட்டலில் எனக்கு உரிமையில்லாத பங்கைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

இதைத் தன்னடக்கம் என்று எண்ணிவிட வேண்டா. இந்த ஆண்டும் அத்தகைய ஒலிச்சித்திரம் ஒன்றை ஆக்குவதென்று செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. முதலாண்டு மாணவர் அறுவர் கைப்பேசியும் கையுமாகப் புறப்பட இருக்கின்றனர். நான் செய்த பிழையை அவர்களும் செய்யக்கூடும். ஏனெனில் அதைச் செய்வது மிக எளிது. செய்யும்போது அது பிழையாகத் தோன்றாது, திறமையாகத் தோன்றும்.

ஐவருள் ஒருவர், ஜங்க்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பில் வாழ்ந்த ஓர் அம்மா. தில்லிக்குப் புதியவர்களுக்காகச் சொல்கின்றேன்: கூலி வேலையும் வீட்டு வேலையும் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த இடம் அது. ஏறத்தாழ 370 வீடுகள். விழுப்புரம் பக்கத்துப் பேச்சை நம் பல்கலைக்கழக வளாகத்தில் கேட்பதைவிட அங்கே மிகுதியாகக் கேட்க முடிந்தது. 2025 ஜனவரியில் நான் போனபோதே, வீடுகள் இடிக்கப்படும் என்ற பேச்சு அங்கே இருந்தது.

கவிழ்த்து வைத்த குண்டானின் மேல் கைப்பேசியை வைத்து, ஐம்பது நிமிடம் பதிவு செய்தேன். நிஜாமுதீன் ரயில் நிலையம் தொலைவில் இல்லை. அடிக்கடி வண்டிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. ஒரு குழந்தை இந்தியில் ஏதோ கேட்டு அழுதது. அதன் பாட்டி தமிழில் அதட்டினாள். எனக்கு எல்லாம் தொல்லையாக இருந்தது.

நான் கேட்டேன்: "ஊருக்கே திரும்பிப் போயிடணும்னு தோணுமா அம்மா?"

"ஊருக்கா… போகணும்னு தோணும்…" என்றார். அப்போது வண்டி ஒன்று கடந்தது. நான்கு விநாடி இருக்கும். அவர் பேசாமல் இருந்தார். வண்டி போனபின், "தோணிக்கிட்டுதான் இருந்துச்சி தம்பி, ஒரு காலத்துல. இப்ப இல்ல. அங்க யாரு இருக்கா? எம் புள்ளைங்க பொறந்தது இங்க" என்றார்.

அதற்கு இருபது நிமிடம் முன்னால், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவையும் தெருக்கூத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிரித்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் ஊரு ஊருதான் தம்பி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தார்.

அன்றிரவு விடுதி அறையில் நான் செய்த வேலையைக் கேளுங்கள். வண்டிச் சத்தம் தொடங்கும் இடத்தில் முதல் பதிலை நறுக்கினேன். அதற்குப் பின் வந்ததை நீக்கினேன். கூத்தைப் பற்றிய பேச்சிலிருந்து "ஊரு ஊருதான் தம்பி" என்பதை எடுத்து, சிரிப்பு தெரியாதபடி இரண்டு பக்கமும் ஒட்ட நறுக்கி, குரல் சற்று உயர்ந்திருந்ததால் அளவைக் கொஞ்சம் தாழ்த்தி, முன்னதன் பின்னே சேர்த்தேன். என் கேள்வியையும் எடுத்துவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கேட்டபோது இப்படி இருந்தது:

"போகணும்னு தோணும். ஊரு ஊருதான் தம்பி."

இந்த இடத்தில்தான் அரங்கில் கண்ணீர் வந்தது. சொற்கள் அத்தனையும் அந்த அம்மாவின் சொற்கள். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்ந்து வந்த பேச்சோ அவருடையதன்று.

இந்த வேலைக்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி. நம்மிற் பலர் அறிந்ததுதான். 1999ஆம் ஆண்டில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனி என்ற மாணவரும் ராஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் உலகுக்கு இலவசமாக வெளியிட்ட மென்பொருள். ஒரு மாணவர் கையால் பிறந்தது நம்மைப் போன்ற மாணவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது; மகிழ்ச்சிதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

வழக்கமான அமைப்பில், ஒரு விநாடி ஒலியை அது 44,100 எண்களாக எழுதி வைக்கின்றது. அவை திரையில் அலையாகத் தெரிகின்றன. நடுக்கோட்டுக்கு மேலே அலை இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இடத்தோடு ஒட்டினால், ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு துண்டுகளும் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் அந்தச் சத்தம் பெரும்பாலும் எழாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க 'இசட்' விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். அதுவும் போதாதென்றால் முன்துண்டின் கடைசியை மெல்லத் தாழ்த்தி, பின்துண்டின் தொடக்கத்தை மெல்ல உயர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று படிய வைக்கலாம். பத்து நிமிடப் பயிற்சியில் யாருக்கும் கைவரும். கைவந்தபின், ஒட்டு எங்கே என்று ஒட்டியவனுக்கே தெரியாது.

பழைய காலத்து வானொலி நிலையங்களில் இதே வேலையை ஒலிநாடாவிலும் சவர அலகிலும் செய்தார்கள். நாடா விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். "இல்லை" என்று ஒருவர் அரை விநாடியில் சொன்னால், அந்தச் சொல் ஏழரை அங்குல நீளம் இருக்கும். உலோகக் கட்டையில் நாடாவை வைத்து, 45 பாகைச் சாய்வில் அறுத்து, ஒட்டுநாடாவால் சேர்ப்பார்கள். நேராக அறுத்தால் சத்தம் எழும். சாய்த்து அறுத்தால் ஒன்று தேய்ந்து மற்றொன்று வளரும். இன்று திரையில் நாம் படிய வைப்பதும் அந்தச் சாய்வு வெட்டின் வாரிசுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வெட்டியது கையில் இருந்தது. அந்த ஏழரை அங்குலத்தைக் குப்பையில் போடவோ ஆணியில் தொங்கவிடவோ அவர் ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. காலடியில் கிடந்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்கும்போதாவது எவ்வளவு எறிந்தோம் என்று தெரிந்தது. என் அறையில் அன்று எதுவும் கீழே விழவில்லை.

இனி, நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்டி ஒட்டக் கற்றுத்தரும் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வாக்கியத்தின் வால் இழுத்தால் தயங்காமல் நறுக்கு என்பது அவை தரும் அறிவுரை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தீங்கில்லாமல் போகலாம். வினையும் மறுப்பும் முன்னாலேயே வந்துவிடுகின்றன. தமிழில் வினை கடைசியில் நிற்கின்றது. மறுப்பு அதற்கும் பின்னால் நிற்கின்றது. "போகணும்னு நெனச்சேன்னு சொல்ல முடியாது" என்பதில் கடைசியில் வரும் "னு சொல்ல முடியாது" என்பதை நறுக்கிப் பாருங்கள். பேசியவர் சொன்னதற்கு நேர் எதிரான கருத்து, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், அவர் குரலிலேயே கிடைக்கும். பேச்சுத் தமிழில் "வந்தான்" என்பதன் கடைசி ஒற்று முழுதாக ஒலிப்பதில்லை. மூக்கொலியாக மெல்ல முடிகின்றது. அந்த மூக்கொலியைத் தேய்த்துவிட்டால் எஞ்சுவது "வந்தா". அதை "வந்தாள்" என்றும் கொள்ளலாம், "வந்தால்" என்றும் கொள்ளலாம். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நறுக்கியதில் அண்ணன் அக்காவாகிவிடுவார். இது சிரிப்புக்குரியது. நான் செய்தது அப்படிப்பட்டதன்று.

2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணை வந்தது. சூன் 1ஆம் நாள் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாதியளவு குடும்பங்களே நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று முடிவாகியது. ஊர் திரும்ப விரும்புவோர்க்கு உதவி செய்வதாகத் தமிழ்நாட்டு அரசும் அறிவித்தது. போவதா, இருப்பதா என்பது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்மையான கேள்வியாகிவிட்ட நாள்கள் அவை. அந்த நாள்களில்தான் என் ஒலிச்சித்திரம் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி அவர்கள் தெருவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றது. "போகணும்னு தோணும். ஊரு ஊருதான் தம்பி." அண்டை வீட்டார் அந்த அம்மாவிடம் கேட்டிருக்கின்றார்கள்: இருக்க இடம் வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் அலைந்துகொண்டிருக்க, நீ மட்டும் ஊருக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாயா என்று.

சூலையில் நரேலாவுக்குப் போனேன். அம்மா சினக்கவில்லை. தேநீர் கொடுத்தார். "நான் போறேன்னா தம்பி சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். தமக்கே ஐயம் வந்துவிட்டது போல இருந்தது அந்தக் கேள்வி. நான் பதில் சொல்லத் தடுமாறியபோது, அவர் மகள் குறுக்கிட்டார். "அண்ணா, அன்னிக்கு அம்மா பேசினது முழுசும் இருக்குமா? அந்த வீட்டுச் சத்தத்தோட?"

இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன். ஆடாசிட்டி வழக்கமாக ஒவ்வோர் எண்ணையும் 32 பிட்டில், அதாவது 4 பைட்டில் எழுதுகின்றது. ஒரு மணி நேர ஒற்றைத்தட ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட்டு இடத்தைப் பிடிக்கும். ஐவரின் பேச்சும் சேர்ந்து நான்கு மணி நேரம். தேர்வு நேரத்தில் மடிக்கணினியில் இடம் இல்லை என்று கோப்பை அழித்தேன். கைப்பேசியில் இருந்ததை அதற்கு முன்பே அழித்திருந்தேன். அதைவிட மிகுந்த இடத்தைப் பிடித்திருந்த திரைப்படங்களை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. எஞ்சியது 12 நிமிட எம்.பி. 3 கோப்பு ஒன்றுதான்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்திலும் அந்த வீடு இல்லை. தெருவின் முணுமுணுப்பை இரைச்சல் நீக்கும் கருவியால் துடைத்திருந்தேன். இரைச்சல் மட்டும் உள்ள சில விநாடிகளை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அது எந்தெந்த அதிர்வில் எவ்வளவு இரைச்சல் என்று கணக்கெடுத்துக்கொள்ளும். பின்பு பதிவு முழுவதிலும் அந்த அளவுக்கு மேல் எழாத எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மின்விசிறி போன்ற மாறாத சத்தத்துக்கு நல்ல கருவிதான். மிகுதியாகப் போட்டால், பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். சொல்லின் கடைசியில் தேயும் மெல்லொலிகளும் சேர்ந்து போய்விடும். ரயில், குக்கர், குழந்தை, பாட்டி ஆகியோரை அது நீக்காது. அவற்றை நானே ஒவ்வொன்றாகத் தேடி நறுக்கினேன். இரண்டு இரவு அதற்கே ஆயிற்று. அன்று நான் இரைச்சல் என்று எறிந்ததைத்தான் இன்று அந்தப் பெண் கேட்கின்றார். அந்த வீடு இல்லை. மறுபடி போய்ப் பதிவு செய்துகொண்டு வர முடியாது.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "அப்படியென்றால் வெட்டவே கூடாதா? நான்கு மணி நேரத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?" நியாயமான கேள்வி. வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1964இல் மேடையை விட்டு விலகி ஒலிப்பதிவுக் கூடமே தன் மேடை என்று சொன்ன கிளென் கூல்டு என்ற கனடா நாட்டுப் பியானோக் கலைஞர், 1966இல் எழுதிய கட்டுரையில் வெட்டி ஒட்டுவதைத் துணிந்து ஆதரித்தார். பாகின் இசைப்பகுதி ஒன்றை எட்டு முறை வாசித்துவிட்டு, ஆறாவதையும் எட்டாவதையும் இணைத்தபோது, தனித்தனியே இரண்டிலும் இல்லாத நிறைவு கிடைத்ததென்று அதில் விளக்கியிருக்கின்றார். நான் அவர் கட்சிதான். ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே வாசித்தவரும், எது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவரும் ஒருவரே. என் அறையில் பேசியவர் ஒருவர், தீர்மானித்தவன் வேறொருவன். பேசியவர் அந்த அறையில் இல்லை.

மற்றொரு பக்கமும் இருக்கின்றது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கறுப்பின இளைஞர் டிரேவன் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டபின், சுட்டவர் காவல்துறைக்குச் செய்த தொலைபேசி அழைப்பைப் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று ஒலிபரப்பியது. அந்த இளைஞர் எந்த நிறத்தவர் என்று அழைப்பை எடுத்தவர் கேட்ட பிறகே, கறுப்பர் போல் தெரிகிறது என்று சுட்டவர் சொல்லியிருந்தார். ஒலிபரப்பில் இடையில் இருந்த பேச்சும் அந்தக் கேள்வியும் நறுக்கப்பட்டிருந்தன; கேட்டவர்க்கு, அவர் தாமாகவே நிறத்தைச் சொன்னது போலப் பட்டது. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. சுட்டவர் செய்தது சரியா, தவறா என்பது வேறு. கேள்வியை எடுத்தால் பதில் மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்களே இப்படித் தவறும்போது, இரவு இரண்டு மணிக்குத் தேநீரின் துணையோடு செய்கின்ற நாம் தவறமாட்டோம் என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே அறுவரிடமும் நான் கேட்பது பெரிதன்று. பதிவைக் கணினியில் ஏற்றியவுடன் ஒரு படி எடுத்துத் தனியே வையுங்கள்; வெட்டுவதைப் படியில் வெட்டுங்கள். மூலம் மன்றத்துக்கு உரியது, உங்கள் மடிக்கணினிக்கு உரியதன்று. அதற்கென்று ஒரு வன்தட்டு வாங்குமாறு செயற்குழுவைக் கேட்டிருக்கின்றேன். பணம் இல்லை என்றார் பொருளாளர். ஆண்டு விழா அன்று வடைக்கும் காப்பிக்கும் கொடுத்த தொகையை நினைவூட்டினேன், பார்க்கலாம் என்றிருக்கின்றார். போகும் இடத்தில், பேச்சைத் தொடங்குமுன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு முப்பது விநாடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒட்டின் இடைவெளியை அதைக்கொண்டு நிரப்பலாம். ஒரு நாள் அதுவே பெரிய செல்வமாகவும் ஆகலாம். உங்கள் கேள்வி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இருக்கட்டும். நீண்ட மௌனத்தைக் குறைக்க வேண்டுமானால் குறையுங்கள். ஆனால் அதற்குப் பின் வருவதைக் கேட்ட பிறகு குறையுங்கள். வேறு இடத்துப் பேச்சைக் கொண்டுவந்து ஒட்டும் எண்ணம் வந்தால் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்ததை அரங்கில் போடுமுன் பேசியவரிடம் போட்டுக் காட்டுங்கள். நேரில் போக முடியாவிட்டால் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கேளுங்கள். "நான் இப்படிச் சொல்லலியே" என்று அவர் சொன்னால் அந்தத் துண்டு வேண்டா. அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டா. நானும் மார்ச்சுக்கு முன்னால் ஒருமுறை ஜங்க்புராவுக்குப் போய் அந்த 12 நிமிடத்தைப் போட்டுக் காட்டியிருந்தால் போதும். மெட்ரோவில் முப்பது நிமிடப் பயணம். அழைப்பிதழ் அச்சடிக்கும் வேலையில் அதை மறந்துவிட்டேன்.

பழைய ஒலிச்சித்திரத்தை மன்றத்தின் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். கைப்பேசிகளில் இருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றேன். மறுமுறை யாருக்கும் அனுப்ப வேண்டா.

வரும் ஞாயிறு மறுபடியும் நரேலாவுக்குப் போகின்றேன். அம்மா பேச ஒப்புக்கொண்டிருக்கின்றார். "ரயிலு சத்தம் இருக்காது தம்பி, பரவால்லியா?" என்று கேட்டார். பேசி முடித்ததும் அங்கேயே முழுதும் போட்டுக் காட்ட வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. ஒரு படி அவரிடமே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது மற்றொன்று. காலை 7 மணிக்கு விடுதி வாயிலிலிருந்து புறப்படுகின்றோம். இன்னும் இருவர் வரலாம். கைப்பேசியில் இடம் காலி செய்துகொண்டு வாருங்கள்.